நெய்க்கரண்டித் தூண்டில்

அம்மாவின் நெய்க்கரண்டியைத் திருடித்தான் அந்தத் தூண்டிலைச் செய்தேன். திருடினேன் என்று எழுத எனக்குக் கூச்சமில்லை. இதைவிடக் கூச்சப்பட வேண்டியவை பின்னால் வருகின்றன. பித்தளைக் கரண்டி, தேய்த்துத் தேய்த்துப் பொன்னாக மின்னும். காம்பை அறுத்து எறிந்துவிட்டுக் குழிந்த பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். இரண்டு முனையிலும் துளை போட்டு, ஒரு முனையில் மூன்று தூண்டில் முள்ளை முதுகோடு முதுகு சேர்த்துப் பற்றவைத்து மாட்டினேன். மில் பட்டறையில் பிட்டராக இருந்தவனுக்கு அது அரை மணி நேர வேலை. யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு. எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, பழங்காநத்தத்தில் அம்மாவோடு இருந்தேன்.

தகட்டை வைத்து மீன் பிடிக்கலாம் என்று எனக்குக் காட்டியவர் எங்கள் மில்லின் எஞ்சினீயரான வெள்ளைக்காரத் துரை. வெயில் காலம் வந்தால் கோடைக்கானல் ஏறிவிடுவார். அங்கே ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட் என்று ஒரு மீன் உண்டாம். குளிர்ந்த ஓட்டத்தை எதிர்த்து நிற்குமாம். மின்னுகிற தகட்டை இழுத்தால் சின்ன மீன் ஓடுகிறது என்று பாய்ந்து கவ்வுமாம். அவருடைய தூண்டில் கயிறு சுற்றுகிற ரீலில் பல்சக்கரம் தேய்ந்து என்னிடம் வந்தது. சரிசெய்து கொடுத்தபோது தகரப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தகடாக எடுத்துக் காட்டினார். பிறகு ஒரு நாள் வைகையிலேயே அவர் வீசி இழுப்பதைப் பார்த்தேன். ஒரு வாளை விழுந்தது. புழு இல்லை, தவளை இல்லை, வெறும் தகட்டுக்கு வாயைத் திறந்துகொண்டு வந்து மாட்டியது. புழுவைக் குத்திப் போடுகிறவன் மீனுக்கு ஒரு வாய்ச் சாப்பாடாவது காட்டுகிறான். இதில் அதுகூடக் கிடையாது, முழு ஏமாற்று. எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

துரையிடம் பட்டுக் கயிறு இருந்தது. நான் மில் நூலை முறுக்கித் தண்ணீரில் இற்றுப்போகாமலிருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்துக் காயவைத்துக்கொண்டேன். ரீலுக்குப் பதில் மில்லில் நூல் சுற்றுகிற ஒரு பாபின் கட்டை. மூங்கில் கழியில் கம்பி வளையங்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைக்கிளில் கழியைக் கட்டிக்கொண்டு வைகைக் கரைக்குப் போய்விடுவேன். பத்து ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒரு மீன் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஆற்றங்கரையில் என்னைவிடப் பெரிய கை ஒன்று இருந்தது. அவர் என் அக்காவின் புருஷன். பரவைக்கு மேற்கே ஆற்றோரத்தில் அவர்கள் ஊர். நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருந்த குடும்பம். அதிகம் பேசமாட்டார். ஆனால் விரால் பிடிப்பதில் அந்தப் பக்கத்தில் அவரை அடிக்க ஆளில்லை. ஒரு சின்னத் தவளையை முதுகுத் தோலில் முள் குத்தி, கோரைப் புல்லின் ஓரத்தில் தத்தவிட்டு இழுப்பார். தண்ணீர் வெடிக்கும், மீன் கரைக்கு வந்துவிடும். யார் வீட்டில் விருந்து என்றாலும் அவருக்குத்தான் ஆள் வரும். ஆற்றங்கரையில் என்னை, அவருடைய மச்சினன் என்று சொல்லித்தான் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்தார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய பெரிய வித்தை குஞ்சோடு திரியும் விராலைப் பிடிப்பது. விரால் குஞ்சு பொரித்துவிட்டால் நூற்றுக்கணக்கில் செக்கச்செவேலென்று ஒரே கூட்டமாகத் திரியும். எங்கள் மில் தரையில் வெட்டிப் போட்ட சிவப்பு நூல்துண்டுகள் மாதிரி இருக்கும். நிமிஷத்துக்கு ஒருதரம் மூச்சு வாங்க எல்லாம் சேர்ந்து மேலே வரும், தண்ணீர் உலை கொதிப்பதுபோலக் கொதிக்கும். அதற்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நாட்களில் இரண்டும் இரை எடுப்பதே அபூர்வம். குஞ்சுக்கூட்டத்துக்குள் எது வந்தாலும், தவளையோ பாம்போ குச்சியோ, பாய்ந்து கடித்துத் துரத்தும். ஆகையால் குஞ்சுக்கு நடுவில் தவளையை இழுத்தால் போதும். தாய் போனபின் தகப்பனுக்கும் அதே. இரண்டும் போய்விட்டால் கெளுத்தியும் நீர்க்காகமும் சேர்ந்து இரண்டு நாளில் குஞ்சுகளைத் தீர்த்துவிடும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை. கடைசியில் மச்சான் ஒரு கோடாங்கியிடம் போய்க் குறி கேட்டார். கோடாங்கி உடுக்கை அடித்து, தண்ணீருக்குள்ளே தாயையும் பிள்ளையையும் நீ பிரித்திருக்கிறாய், அந்தப் பாவம்தான் உன் வீட்டில் நிற்கிறது என்று சொல்லிவிட்டார். வந்தவர் ஊரறிந்த விரால் வேட்டைக்காரர் என்று தெரிந்துகொள்ள உடுக்கை எதற்கு என்று நான் கேட்டேன். மச்சான் என்னோடு வாதாடவில்லை. தூண்டில் கழியைப் பரணில் தூக்கிப் போட்டார். அடுத்த சித்திரையிலேயே அக்காவுக்கு நாள் தள்ளிப்போனது.

பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் எதையெல்லாம் செய்யக் கூடாது என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு பட்டியலே உண்டு. சவரம் செய்யக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, பாம்பாக இருந்தாலும் அடித்துக் கொல்லக் கூடாது. மற்றவர்கள் இதில் பாதியைக் கடைப்பிடித்து மீதியை மறந்துவிடுவார்கள். மச்சான் எறும்பைக்கூடப் பார்த்து நடந்தார். தாடி மார்புவரை வந்துவிட்டது. கையில் தூண்டில் இல்லாமல் ஆற்றங்கரைக்கு வருவார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் அவரைச் சாமியாரே என்று கூப்பிட்டுக் கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்தி அக்காவைப் பழங்காநத்தத்துக்குக் கூட்டிவந்துவிட்டோம். ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்தது. கார்த்திகையில் தண்ணீர் தெளிந்தபோது, அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆறு வற்றினாலும் வற்றாத ஒரு கசத்தில் சிவப்புக் குஞ்சுக்கூட்டம் ஒன்று கொதிப்பதைப் பார்த்தேன். தாய் விரால் ஒருதரம் புரண்டது. முழங்கையைவிடத் தடிமனான உடம்பு. நான் காலையிலிருந்து உச்சிவரை வீசினேன். கரண்டி குஞ்சுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுந்ததே தவிர, தாய் கடிக்கவில்லை. அந்த நேரத்துக்கு மச்சான் கரையில் வந்து நின்றார்.

எனக்கு எப்படி இழுப்பது என்று காட்டும்படி கேட்டேன். அவர் மறுத்தார். தூண்டிலைத் தொட வேண்டாம், வாயால் சொன்னால் போதும், வாயால் சொன்னதற்கு எந்தச் சாமியும் கணக்குக் கேட்காது என்றேன். அதற்கும் மறுத்தார். பொண்டாட்டி முந்தானைக்குள் ஒளிந்துகொண்ட ஆம்பளைக்குத் தண்ணீரைப் பார்க்க என்ன வேலை என்று கேட்டேன். கையைப் பின்னால் கட்டியபடியே நின்றார். ஆனால் அத்தனை வருஷம் அந்த வேலையைச் செய்த மனுஷன். ஒருவன் தப்புத் தப்பாக இழுப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவரால் முடியவில்லை. என் பத்தாவது வீச்சோ பதினைந்தாவது வீச்சோ, அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"குஞ்சு மேல வாரப்ப போடாத மாப்ள. எறங்குறப்ப போடு. கூடவே எறங்கட்டும்."

அப்படியே போட்டேன். குஞ்சுகள் மூச்சு வாங்கிவிட்டு இறங்கின, கரண்டி அவற்றின் நடுவில் மினுக்கிக்கொண்டு இறங்கியது. கழி கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் நான் மறுக்கமாட்டேன். பாபின் கட்டை உள்ளங்கையைச் சுட்டது. எடை இரண்டு வீசைக்குக் குறையாத மீன், கோரைக்குள் ஓடப் பார்த்தது, விடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நூலைச் சுருட்டிக் கிட்டே கொண்டுவந்தேன். செவுளுக்கு அடியில் இடது கையைக் கொடுத்துத் தூக்கினேன். அது ஒரு உலுக்கு உலுக்கியது.

மூன்று முள்ளில் ஒன்று மீனின் தாடையில் இருந்தது. இன்னொன்று என் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவில் இருந்த சதையில் அடியோடு இறங்கிவிட்டது. முள்ளின் கொக்கிக்கு உள்ளே போகத்தான் தெரியும். மீன் துள்ளத் துள்ள என் கை அதோடு துள்ளியது. விராலைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரையில் போட்டாலும் சாயங்காலம்வரை உயிரை விடாது. கரைக்கு ஏறி விழுந்தேன். அது மணலில் புரண்டது, நானும் கூடவே புரண்டேன். ஒவ்வொரு உலுக்குக்கும் சதை கிழிவது எனக்குக் காதில் கேட்டது. மச்சான் பின்னால் கட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தார். அமுக்கிப் பிடி, அமுக்கிப் பிடி என்று மட்டும் சொன்னார். ஒற்றைக் கையால் எதை அமுக்க?

"அடிங்க மச்சான்" என்று கத்தினேன். "கை போயிரும். ஒங்களக் கும்பிடுறேன், அடிச்சுக் கொல்லுங்க."

அவர் முகத்தை நான் அப்போது சரியாகப் பார்த்தேன். வலியில் இருக்கும்போது மற்றவன் முகம் தெளிவாகத் தெரியும். ஒன்பது வருஷம் அந்த முகத்தில் ஓடியது. பிறகு கையை அவிழ்த்தார். கரையில் கிடந்த கருவேலங்கட்டையை எடுத்து மீனின் தலையில் மூன்று அடி அடித்தார். மூன்றாவது அடியில் அது விறைத்து நடுங்கி அடங்கியது. என் சைக்கிள் பையிலிருந்து குறடை எடுத்து, முள்ளை வந்த வழியே இழுக்காமல் முன்னால் தள்ளி, தோலைத் துளைத்து வெளியே வரவைத்து நுனியை வெட்டி உருவினார். தன் வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போட்டார். என் கை பிழைத்தது. பிட்டருக்குக் கை போனால் சோறு போன மாதிரி. அதைத்தான் அவர் எனக்குக் கொடுத்தார்.

முதன்முதலாக என் கரண்டியில் விழுந்த மீன். அதைச் சைக்கிளில் தொங்கவிட்டு நடுத்தெருவழியாகப் போக வேண்டும் என்று வலியிலும் எனக்கு ஆசை. மச்சான் விடவில்லை. மணலில் குழி தோண்டி மீனைப் போட்டு மூடினார். தின்கிற மீனை ஒருவர் புதைப்பதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அக்காகிட்டச் சொல்லிப்புடாத மாப்ள. நா அடிச்சேன்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா."

சொல்லமாட்டேன் என்று கட்டுப்போட்ட கையாலேயே சத்தியம் செய்தேன். கசத்தில் குஞ்சுகள் மறுபடி மேலே வந்து கொதித்தன. அவற்றுக்குக் கீழே ஒரு கறுத்த உருவம் மெதுவாகச் சுற்றி வந்தது. மச்சான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆம்பள இருக்கு" என்றார். "ஆம்பள பாத்துக்கிரும்."

வீட்டில், மில்லில் மெஷின் ரிப்பேருக்கு என்று ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டுவிட்டார்கள், பட்டறையில் கை மாட்டிக்கொண்டது என்று சொன்னேன். அந்தப் பொய் அவருக்காகச் சொன்னது. அக்கா நிறைவயிற்றோடு தரையில் உட்கார்ந்து, மஞ்சளும் விளக்கெண்ணெயும் சேர்த்துச் சூடுகாட்டி என் கையில் தடவினாள். உன் மில்லில் இடி விழ என்று வைதாள்.

அதற்குப் பிறகு மச்சான் தினமும் சாயங்காலம் கொடிக்காலில் வேலை முடிந்ததும் கசத்துக்குப் போனார். நீர்க்காகத்தையும் கொக்கையும் சும்மா கையை ஆட்டித் துரத்துவார். கல்லெறிந்தால் பட்டுவிடுமோ என்று பயம். இருட்டும்வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போவார். வாரத்துக்கு ஒருதரம் அக்காவைப் பார்க்கப் பழங்காநத்தம் வரும்போது, என்னைத் தனியாக மடக்கி, குஞ்சு இம்புட்டு ஆயிருச்சு மாப்ள என்று விரலில் பாதியைக் காட்டுவார். சிவப்பு மாறிக் கறுப்பு வந்தால் அவை தனித்தனியே பிரிந்து பிழைத்துக்கொள்ளும். அதுவரை தகப்பன் இருந்தால் போதும், தான் செய்தது நேராகிவிடும், தன் பிள்ளை பிழைத்துவிடும் என்றார். அவர் அதை நம்பினார். சொந்தப் பிள்ளையின் உயிரை அந்த ஆண் விராலிடம் ஒப்படைத்துவிட்டார். எனக்கு அந்த மாதிரி நம்பிக்கைகள் அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது.

மார்கழி பிறந்து ஒரு நாள் மத்தியானம் மச்சானோடு எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா நெய் ஊற்றக் கிண்ணத்தைச் சாய்த்தபோது நெய் மொத்தமாகக் கவிழ்ந்தது. உடனே என் கரண்டிப் பேச்சு வந்துவிட்டது. இத்தனை வாரம் ஆற்றுக்குப் போய் ஒரு அயிரை மீன்கூட வீட்டுக்கு வரவில்லை, நெய்க்கரண்டி போனதுதான் கண்ட பலன் என்று அம்மா சொன்னாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் மச்சானைப் பார்த்தேன். கரண்டி மீன் பிடிக்குமா பிடிக்காதா என்று அவரையே கேளுங்கள் என்றேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"கரண்டி நல்லாத்தான் இருக்கு. மீனுக்குத்தான் பிடிக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சை வேறு பக்கம் திருப்பத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். வாசலில் நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, மனசில் வைத்துக்கொள்ளாதே மாப்ள என்றார். அதோடு போயிருக்கலாம். ஆனால் அவருக்குச் சொன்ன பொய்யோடு நிற்கிற வழக்கமில்லை. அன்று விழுந்தது பசியில் கடித்ததில்லை, ஆத்திரத்தில் கடித்தது. நீ ஒரு ஓட்டாஞ்சில்லைக் கட்டி இழுத்திருந்தாலும் கடித்திருக்கும். பசியில் வருகிற மீனை உன் கரண்டி பிடிக்கட்டும், அன்றைக்கு நானே அம்மாவிடம் சொல்கிறேன் என்றார். சொன்னதெல்லாம் உண்மை. உண்மையாக இல்லாமலிருந்தால் நான் மறந்திருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். காலையில் அவர் கொடிக்காலில் இருப்பார், கசத்துப் பக்கம் வரமாட்டார். இதைத் தெரிந்துதான் போனேன். முதலில் ஓட்டத்தில் வீசினேன், மடை வாயில் வீசினேன், கோரை ஓரமெல்லாம் வீசினேன். பசியில் வருகிற மீன் ஒன்று, உள்ளங்கை நீளமாவது ஒன்று வந்திருந்தால் திரும்பிப் போயிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்படிப் போயிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. வெயில் ஏறியதும் கசத்துக்கு வந்தேன். குஞ்சுகளில் சிவப்பு மங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் பத்துப் பதினைந்து நாளில் பிரிந்திருக்கும். அவை மேலே வந்து மூச்சு வாங்கி இறங்கும்வரை காத்திருந்தேன். அவர் சொல்லிக்கொடுத்தபடி கூடவே இறக்கினேன்.

முதல் வீச்சில் ஆண் விரால் கரண்டியை மூக்கால் முட்டித் தள்ளியது. கடிக்கவில்லை. எச்சரிக்கை செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது வீச்சிலும் முட்டியது. மூன்றாவதில் கடித்தது. இந்தத் தடவை கையைக் கிட்டே கொண்டுபோகவில்லை, கயிற்றைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து மணலில் போட்டு, அதே கருவேலங்கட்டையால் நானே அடித்தேன். மெலிந்துபோயிருந்தது. ஒரு மாதமாக இரை எடுத்திருக்காது. தலை பெரிதாகவும் உடம்பு வற்றியும், சாப்பிடக்கூட லாயக்கில்லாத மீன். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, மச்சானுக்குத் தெரிந்துவிடும். முள்ளுக்காட்டுக்குள் வீசினேன். கரண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து கசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குஞ்சுகள் வழக்கம்போல மேலே வந்தன, இறங்கின. மூன்றாம்தரம் வந்தபோது அடியிலிருந்து ஒரு கெளுத்தி எழும்பிக் கூட்டத்தின் நடுவில் வாயைத் திறந்தது. துரத்த ஆள் இல்லை. கூட்டம் இரண்டாகப் பிளந்து மறுபடி சேர்ந்துகொண்டது. பார்க்க நன்றாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நான் வெகுநேரம் பார்த்தேன்.

அந்த வாரம் மச்சான் வந்தபோது அக்காவிடம் வழக்கம்போலப் பேசினார். கொய்யாக்காய் கொண்டுவந்திருந்தார், நறுக்கிக் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்து குஞ்சைக் காணோம் என்றார். பிரிந்து போயிருக்கும் என்றேன். இல்லை, இன்னும் நாள் இருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் என் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஈர மணல்ல டயர் தடம் இருந்துச்சு மாப்ள" என்றார்.

நான் சைக்கிள் செயினைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சண்டையில் நான் கெட்டிக்காரன், ஏதாவது சொல்லி ஜெயித்திருப்பேன். நல்லவர்களிடம் ஒரு திமிர் உண்டு. நம்மைக் கேட்காமலே விட்டுவிடுவார்கள்.

தை மாதம் அக்காவுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி ஒரு பகலும் ஒரு இரவும் கூடவே இருந்தாள். ஆண் குழந்தை. அழவில்லை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது என்று மருத்துவச்சி சொன்னாள். அதுதான் காரணம், அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை. நான் மெஷின்களோடு வாழ்ந்தவன். எது எதில் மாட்டினால் எது நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு விராலுக்கும் ஒரு பிள்ளைக்கும் இடையில் எந்தப் பல்சக்கரமும் கிடையாது. ஆனால் துக்க வீட்டில் பல்சக்கரத்தைப் பற்றி யார் பேசுவார்கள்? யார் என்ன செய்தார்கள் என்று வீடு முழுக்கக் கேள்வி ஓட ஆரம்பித்தது. வாசலில் யார் கோலத்தை மிதித்தது, யார் கண் பட்டது, யார் எதை அடித்தது.

பத்தாம் நாள் அக்கா என்னைக் கூப்பிட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பால் கட்டி நெஞ்சில் துணி சுற்றியிருந்தார்கள். மச்சான் உள்ளே வரலாமா என்று தெரியாமல் நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். தாடியை இன்னும் எடுக்கவில்லை. அவர் நிற்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நீ ஆத்துக்குப் போயிட்டு வந்தவன்" என்றாள். "எங்கிட்டப் பொய் சொல்லாத. அவரு எதையாச்சும் அடிச்சாரா?"

இப்போது யோசித்தால் சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. இல்லை என்று சொல்லியிருக்கலாம், சத்தியம் செய்தவன். என் கையைக் காப்பாற்ற அடித்தார் என்று சொல்லியிருக்கலாம். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த இன்னொன்றை நான்தான் அடித்தேன், அதுவும் என் கை மாட்டாமலே அடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். நிலைப்படியில் இருந்து அவர் என் இடது கையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்ததா, மிரட்டல் இருந்ததா என்று கேட்டால், இரண்டும் இல்லை. சொல்லு, என்ன சொல்கிறாயோ சொல்லு என்று விட்டுவிட்ட பார்வை. எனக்கு அந்த நெய்ச் சோறும் எல்லோரும் சிரித்த சிரிப்பும் ஞாபகம் வந்தன. ஒரு பிள்ளை செத்த வீட்டில் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

"ஆமா" என்றேன். "ஒரு விரால அடிச்சாரு. குஞ்சோட திரிஞ்சத."

அக்கா அழவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மச்சான் வாயைத் திறப்பார் என்று நான் காத்திருந்தேன். என்ன பதில் சொல்வது என்றுகூட மனசுக்குள் தயார் செய்துவிட்டேன். அவர் நிலைப்படியிலிருந்து இறங்கிப் போனார். அன்றைக்கே நாவிதரைக் கூப்பிட்டுத் தாடியை எடுத்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்று மாதம் கழித்து அக்கா அவர் வீட்டுக்குப் போனாள். போகாமல் வேறு எங்கே போவாள்? சமைத்தாள், கொடிக்காலுக்குச் சோறு கொண்டுபோனாள், களை எடுத்தாள். ஆனால் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேறு குழந்தை பிறக்கவில்லை. பிறப்பதற்கு வழி இருக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். அவர் திரும்பத் தூண்டிலை எடுக்கவே இல்லை. யுத்தம் முடிகிற சமயத்தில் ஒரு காய்ச்சலில் படுத்து ஒரே வாரத்தில் போய்விட்டார். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ வேண்டிய இடத்தில் அக்கா சும்மா உட்கார்ந்திருந்தாள். பிணத்தைத் தூக்கிய நான்கு பேரில் நானும் ஒருவன்.

காரியம் முடிந்து அக்காவை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். அவளுக்கு நான்தான் எல்லாம். மார்கழிக் குளிரில் என் இடது கையில் அந்தத் தழும்பு இழுத்துப் பிடிக்கும், கட்டைவிரல் மடங்காது. அப்போதெல்லாம் அக்கா விளக்கெண்ணெயைச் சூடுகாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துவிடுவாள். ஒரு நாள் அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். தழும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

"மில்லுல இந்தக் கைய வச்சுக்கிட்டு எம்புட்டுப் பாடுபட்ட" என்றாள். "எங்க எல்லாருக்கும் சோறு போட்ட கை. அவருக்கும் கையின்னு ஒண்ணு இருந்துச்சே, பெத்த புள்ளையக் கொன்ன கை."

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் பதமான சூட்டில் இருந்தது. வலி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. இன்னும் கொஞ்சம் மேலே தேய் என்றேன், தேய்த்தாள்.